காற்று தள்ளுகிறது, கருவி வழிவிடுகிறது

வாசகர் கேள்வி – பதில்

ஆடிக் காற்று வீட்டுக்குள் மணலைக் கொண்டுவந்து கொட்டத் தொடங்கிவிட்டால், இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களும் மணலைப் பற்றியே இருக்கும். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை வாக்குவம் கிளீனரைப் பற்றியவை. அவற்றுள் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நானும் அந்தக் கரைக்காரன் என்பதால் பதில்களில் உப்பு சற்றுத் தூக்கலாகவே இருக்கும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

“ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன், ‘வாக்குவம் என்றால் வெற்றிடம் என்று படித்திருக்கிறோமே, அப்படியானால் இந்த டப்பாவுக்குள் காற்றே இல்லையா, இல்லாவிட்டால் அது ஏன் நசுங்கவில்லை?’ என்று கேட்கிறான். தூசியை அது எப்படி உறிஞ்சுகிறது என்பதையும் அவனுக்கு விளக்க முடியவில்லை.” – வாசகி, பாம்பன்

உங்கள் மகனின் சந்தேகம் நியாயமானது. பெயர்தான் அவனைக் குழப்பியிருக்கிறது. அந்த டப்பாவுக்குள் வெற்றிடம் உண்டாவதே இல்லை. உள்ளே ஒரு மோட்டாரும், அதன் அச்சில் வளைந்த தகடுகள் கொண்ட ஒரு விசிறியும் இருக்கின்றன. நிமிடத்துக்கு 20,000 முதல் 30,000 முறைக்கு மேலும் சுழலும் அந்த விசிறி, தன் நடுவில் உள்ள காற்றை விளிம்பை நோக்கி வீசி எறிந்து, பின்பக்கத் துளைகள் வழியாக வெளியே அனுப்பிக்கொண்டே இருப்பதால், நடுப்பகுதியில் அழுத்தம் குறைகிறது. கடல் மட்டத்தில் இருக்கும் பாம்பனில், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மேலும் காற்று ஏறத்தாழ 1 கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது. நல்ல வீட்டுக் கருவி ஒன்றின் குழாயை முழுமையாக அடைத்துவிட்டு ஓட்டினாலும், உள்ளே அந்த அழுத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். மீதி நான்கு பங்கு உள்ளேயே இருக்கிறது.

ஆகவே கருவி தூசியை உறிஞ்சுவதாக நாம் சொல்வது பேச்சு வழக்குதான். உண்மையில் நடப்பது, அறையில் உள்ள காற்று, அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கிப் பாய்ந்து, போகிற வழியில் தூசியைத் தள்ளிக்கொண்டு போவதாகும். இளநீரில் ஸ்ட்ரா போட்டுக் குடிக்கும்போதும் நீரை மேலே ஏற்றுவது நம் வாயன்று. வாய்க்குள் அழுத்தத்தைக் குறைப்பது மட்டுமே நம் வேலை, மீதியை வெளிக்காற்று பார்த்துக்கொள்கிறது. இதை அவன் கையாலேயே உணரச் செய்யலாம். ஓடும் கருவியின் குழாய் முனையை, அதன் குறுக்களவு 32 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், உள்ளங்கையால் அவன் மூடும்போது, கையின் மறுபுறத்திலிருந்து காற்று சுமார் ஒன்றரைக் கிலோ எடையளவுக்கு அழுத்தும். கை ஒட்டிக்கொண்டதுபோல் தோன்றுவது அதனால்தான்.

டப்பா ஏன் நசுங்கவில்லை என்ற கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 200 கிராம். கேட்பதற்குச் சிறிதாகத் தெரிந்தாலும், 20 சென்டிமீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட ஒரு பக்கத்தின் மேல் அது 80 கிலோவாகிறது. வளர்ந்த ஆள் ஒருவர் ஏறி நிற்பதற்குச் சமம். கருவியின் உடல் உருண்டு திரண்டு இருப்பதற்கும், உட்புறத்தில் விலா எலும்புபோல் பிளாஸ்டிக் வரப்புகள் ஓடுவதற்கும் அழகு மட்டுமே காரணமன்று.

அவன் அடுத்து, நிலாவில் இது வேலை செய்யுமா என்று கேட்பான். செய்யாது. அங்கே தூசி ஏராளம், ஆனால் அதைத் தள்ளிக்கொண்டு வரக் காற்று இல்லை.

“தரையிலிருந்து நான்கு விரற்கடை உயர்த்திப் பிடித்தாலே ஒன்றும் வருவதில்லை. பின்பக்கத்துக் காற்றோ அறையின் மூலைவரை போய்த் திரைச்சீலையை ஆட்டுகிறது. கருவியில் கோளாறா?” – வாசகர், தேவிபட்டினம்

கோளாறு இல்லை. வீட்டில் அகல் விளக்கு இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். ஒரு முழம் தள்ளி நின்று ஊதினால் சுடர் அணைந்துவிடும்; அதே தூரத்தில் நின்று எவ்வளவு வேகமாக மூச்சை உள்ளே இழுத்தாலும் சுடர் அசையக்கூட அசையாது. வெளியே தள்ளப்படும் காற்று ஒரே திசையில் கற்றையாகப் போகிறது. உள்ளே வரும் காற்றோ எல்லாப் பக்கங்களிலிருந்தும் சிறிது சிறிதாக வந்து சேர்கிறது. ஆகையால் வாயை விட்டு விலக விலக அதன் வேகம் மளமளவென்று குறைந்துவிடும்.

குழாய்க்குள்ளே கதை வேறு. நொடிக்கு 30 லிட்டர் காற்று 32 மில்லிமீட்டர் குழாய் வழியே போனால் அதன் வேகம் நொடிக்குச் சுமார் 37 மீட்டர், அதாவது மணிக்கு 130 கிலோமீட்டருக்கும் மேல். 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்குச் சிவப்பு விளக்கு விழுந்துவிடும் என்பது நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அதைப்போல் இரு மடங்குக்கு மேலான வேகத்தில், உங்கள் கைக்குள் இருக்கும் குழாயில் ஒரு சிறு புயல் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் புயலின் வாய் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். முற்றிலும் அழுத்திப் பிடித்துவிட்டாலும் காற்று நுழைய இடைவெளி இல்லாமல் தூசி நகராது.

“குழாயில் ஏதாவது சிக்கிக்கொண்டால் சத்தம் கீச்சென்று உயர்ந்துவிடுகிறது. மோட்டார் திணறுகிறது என்கிறார் என் வீட்டுக்காரர். அப்படியா?” – வாசகி, மண்டபம்

உங்கள் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவராக இருந்தால் இதற்கான விடை அவரிடமே இருக்கிறது. பைபர் படகு அலையின் மேல் ஏறி இறங்கும்போது, அடியில் சுழலும் விசிறி ஒரு கணம் நீரை விட்டு வெளியே வந்துவிட்டால் எஞ்சின் எப்படி அலறும் என்று அவரைக் கேளுங்கள். தள்ளுவதற்கு நீர் இல்லாததால் சுமை குறைந்து, எஞ்சின் தறிகெட்டு ஓடுகிறது. அந்த அலறல் திணறல் அன்று. உங்கள் கருவியிலும் அதுவே நடக்கிறது. குழாய் அடைபட்டால் விசிறிக்கு வீசி எறியக் காற்று கிடைப்பதில்லை. சுமை குறைந்ததும், இந்த வகை மோட்டார் தானாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. அப்போது அது இழுக்கும் மின்சாரமும் குறையத்தான் செய்யும்.

ஆனாலும் அவர் பயப்படுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. பெரும்பாலான வீட்டுக் கருவிகளில், வடிகட்டியைத் தாண்டி வரும் காற்றுதான் மோட்டாரின் சுருள்களின் மேல் ஓடி அவற்றைக் குளிரவைக்கிறது. காற்று நின்றால் சூடு தங்கிவிடும். சூடு எல்லை மீறும்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒரு சிறு பாதுகாப்பு அமைப்பு பல கருவிகளில் உண்டு. ஓடிக்கொண்டிருந்த கருவி பட்டென்று நின்றுவிட்டால் பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டாமல், பிளக்கைப் பிடுங்கி, அடைப்பை எடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் பாருங்கள். என் வீட்டுக் கருவி ஒருமுறை இப்படி நின்றபோது, குழாயின் முழங்கை வளைவிலிருந்து பேரனின் ஒற்றைக் காலுறை வெளியே வந்தது. அதைத் தேடி ஒரு வாரமாக வீட்டில் சண்டை நடந்துகொண்டிருந்தது.

“வாங்கி நான்கு மாதம்தான் ஆகிறது. முதலில் இருந்த இழுவையில் பாதிகூட இப்போது இல்லை. பழுது பார்க்க வந்தவர் மோட்டாரை மாற்றச் சொல்கிறார். மதுரையில் இருக்கும் தங்கை வீட்டில் இதே கருவி இரண்டு ஆண்டுகளாக நன்றாக ஓடுகிறது.” – வாசகி, தொண்டி

மோட்டாரை மாற்றுவதற்கு முன்னால் வடிகட்டியை வெளியே எடுத்துப் பாருங்கள். இது சற்று நீளமாகச் சொல்ல வேண்டிய விஷயம், ஏனென்றால் நம் கரையில் வாக்குவம் கிளீனருக்கு வரும் நோய்களில் பெரும்பாலானவை இந்த ஒன்றில்தான் தொடங்குகின்றன.

மதுரையின் தூசியும் தொண்டியின் தூசியும் ஒன்றல்ல. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளில் உள்ள நீர் காற்றில் காய்ந்துவிட, எஞ்சும் உப்பு, வீட்டுக்குள் வந்து தூசியோடு கலந்துவிடுகிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு அதற்கும் வெகு முன்னதாகவே நீரைப் பிடித்துக்கொள்ளும். அடுக்களையில் கல்லுப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிந்து அடியில் நீர் நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே கசிவுதான் உங்கள் வடிகட்டிக்குள்ளும் நடக்கிறது. உலர்ந்த தூசியாக இருந்தால் தட்டினால் உதிர்ந்துவிடும். உப்புக் கலந்த தூசி ஈரம் பட்டுக் களிபோலக் குழைந்து, மறுநாள் வெயிலில் காய்ந்து, மறுபடி இரவில் குழைந்து, நாளாவட்டத்தில் அப்பளம்போல் இறுகிவிடுகிறது. சென்ற மாதம் நண்பர் ஒருவரின் கருவியைத் திறந்தபோது, மடிப்பு மடிப்பாக இருக்க வேண்டிய வடிகட்டியில் மடிப்புகளே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரே பலகையாக இருந்ததை நகத்தால் நெம்பியபோது சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. விரல் நுனியை நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. (வாசகர்கள் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம்.)

வடிகட்டி இப்படி அடைபட்டால் காற்றின் அளவு குறையும். காற்று குறைந்தால் குழாய்க்குள் வேகம் குறையும். வேகம் குறைந்தால் மெல்லிய தூசி வந்தாலும் மணல் வராது. கடற்கரை மணலின் பருமன் பெரும்பாலும் கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர். அது கனமான குவார்ட்ஸ் கல், நீரைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் எடை. பாதி வழியில் காற்று கைவிட்டுவிட்டால் அது குழாயின் வளைவிலேயே தங்கி, கருவியை அணைத்ததும் சலசலவென்று திரும்பி விழும். அந்தச் சலசலப்பு கேட்கிறதென்றால் கருவி உங்களிடம் வடிகட்டியைப் பார்க்கச் சொல்கிறது.

கழுவும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, கழுவக்கூடிய வடிகட்டிதானா என்பதைக் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். காகிதம்போன்ற இழைகளால் ஆனவை தண்ணீர் பட்டால் கெட்டுவிடும். அடுத்து, நம் பக்கத்துக் கிணற்று உவர்நீரில் கழுவினால், தூசியை நீக்கிவிட்டு அந்த இடத்தில் உப்பை ஏற்றி வைத்ததாகிவிடும், பிறகு இரண்டே வாரத்தில் பழைய கதைதான். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் ஒரு வாளி எடுத்துவைத்துக் கடைசி அலசலையாவது அதில் அலசுங்கள். கடைசியாக, மொட்டை மாடிக் கொடியில் கடற்காற்றில் காயப்போடாதீர்கள். காய்கிற நேரத்திலேயே புது உப்பு ஏறிவிடும். வீட்டுக்குள் மின்விசிறிக்கு அடியில் ஒரு முழு நாள் காயட்டும். ஈரம் சிறிதளவு இருக்கும்போது மாட்டி ஓட்டினால் அந்த ஈரம் நேராக மோட்டாருக்குத்தான் போகும். கூடுதலாக ஒரு வடிகட்டி வாங்கி மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வது, இந்தக் கரையில் ஆடம்பரம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இவ்வளவு செய்தும் இழுவை வராவிட்டால், மோட்டாரை மாற்றுவதற்கு முன் கார்பன் பிரஷ்களைப் பார்க்கச் சொல்லுங்கள். சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் இந்த இரண்டு கரித்துண்டுகள் உரசி உரசித் தேய்வது இயற்கை. அவற்றை மட்டும் இணையாக மாற்றினால் பல மோட்டார்கள் மறுபடி பிழைத்துக்கொள்ளும்.

“சங்கு, சிப்பிகளைத் தேய்த்துப் பொருள்கள் செய்யும் சிறு பட்டறை வைத்திருக்கிறோம். வெண்மையான மாவு எங்கும் படிகிறது. வீட்டு வாக்குவம் கிளீனரைப் பயன்படுத்தினால் அறை சுத்தமாகிறது, ஆனால் மறுநாள் காலையில் மறுபடி படிந்திருக்கிறது.” – வாசகர், இராமேசுவரம்

மறுநாள் படிவது நீங்கள் முந்தைய நாள் பிடித்த அதே மாவுதான். முன்பக்கம் போனது பின்பக்கமாக வெளியே வந்து, இரவு முழுவதும் காற்றில் மிதந்து, விடியும்போது இறங்கியிருக்கிறது. துணிப்பையில் பெரிய துகள்கள் நிற்கும். சங்கைத் தேய்க்கும்போது எழும் சுண்ணாம்பு மாவில் மிக நுண்ணியவை பையின் இழைகளுக்கிடையே புகுந்து தப்பிவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த நுண்துகள்கள்தாம் நுரையீரலின் அடிவரை போகின்றன என்பதால், உங்கள் கேள்வி வீட்டைப் பற்றியது என்பதைவிட உங்கள் மூச்சைப் பற்றியது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஹெப்பா என்று அழைக்கப்படும் வடிகட்டி இதற்காகவே உள்ளது. அதைச் சல்லடை என்று நினைத்துக்கொள்வது தவறு. தாறுமாறாகப் படுக்கவைத்த நுண்ணிழைகளின் காடு என்று அதைச் சொல்லலாம். பெரிய துகள், வளைந்து போகும் காற்றோடு திரும்ப முடியாமல் நேராகப் போய் இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். நடுத்தரத் துகள், போகிற போக்கில் இழையை உரசி மாட்டிக்கொள்ளும். மிகமிகச் சிறியதோ, காற்றின் மூலக்கூறுகள் இடிக்க இடிக்க நிலைகொள்ளாமல் தள்ளாடி ஏதாவதோர் இழையில் போய் விழும். ஆக, மிகப் பெரியதும் தப்பாது, மிகச் சிறியதும் தப்பாது. இரண்டுக்கும் நடுவில், 0.3 மைக்ரான் அளவில் உள்ளவைதாம் பிடிப்பதற்குக் கடினமானவை; மனித முடியின் பருமன் சுமார் 70 மைக்ரான் என்றால் அது எவ்வளவு சிறிது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அளவிலும் 99.97 விழுக்காட்டைப் பிடிக்க வேண்டும் என்பது அமெரிக்க வரையறை, அதாவது 10,000 துகள்களில் மூன்று மட்டுமே தப்பலாம். ஆனால் கருவியின் மூடி விளிம்பில் உள்ள ரப்பர் பட்டை தளர்ந்திருந்தால், காற்று வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு போய்விடும். அப்போது எந்த விழுக்காடும் உதவாது.

பட்டறைக்கு வீட்டுக் கருவி போதாது. பையும் ஹெப்பாவும் உள்ள தொழிற்கூடக் கருவியை வாங்குங்கள். அதற்கும் முன்னால், தேய்க்கும் இடத்தில் நீர் சொட்டும்படி ஏற்பாடு செய்துகொண்டு, என்95 முகக்கவசம் அணியுங்கள். எழாத தூசியைப் பிடிக்க வேண்டியதில்லை.

“பை உள்ளது நல்லதா, பை இல்லாத சைக்ளோன் வகை நல்லதா?” – வாசகர், சாயல்குடி

உங்கள் வீட்டில் வருவது மணல் என்றால் சைக்ளோன். அதில் காற்று ஒரு கூம்புக்குள் சாய்வாக நுழைந்து சூறாவளிபோல் சுழல்கிறது. கனமான துகள்கள் சுவரில் மோதிச் சறுக்கி அடியில் விழ, காற்று மட்டும் நடுவழியாக மேலே போய்விடுகிறது. மணல் இதற்கென்றே பிறந்ததுபோல் ஒழுங்காக வந்து விழும். மரம் அறுக்கும் ஆலைகளில் நெடுங்காலமாக இருந்த இந்த முறையை வீட்டுக் கருவிக்குக் கொண்டுவர, பிரிட்டனின் ஜேம்ஸ் டைசன் 5,127 மாதிரிகள் செய்து பார்த்தார். அவர் பெயரிலேயே அந்தக் கருவி 1993-இல் விற்பனைக்கு வந்தது. கூம்பு சிறிதாகச் சிறிதாகத் துகளை வெளியே எறியும் விசை கூடும் என்பதால்தான் இப்போதைய கருவிகளில் ஒரு கொத்துச் சிறு கூம்புகள் இருக்கின்றன. இருந்தாலும் மிக நுண்ணிய தூசி அதையும் தாண்டி வடிகட்டிக்குத்தான் வரும். ‘வடிகட்டியே தேவையில்லை’ என்று விற்க வருகிறவர் சொன்னால் நம்ப வேண்டாம். வீட்டில் இழுப்பு நோய் (ஆஸ்துமா) உள்ளவர்கள் இருந்தால் பை உள்ளதே மேல், ஏனெனில் டப்பாவைக் குப்பைக்கூடையில் கவிழ்க்கும்போது எழும் புகைமூட்டம் பையை அப்படியே எடுத்து எறியும்போது இருக்காது.

“ஒரு விளம்பரத்தில் 1,600 வாட் என்கிறார்கள், இன்னொன்றில் 20,000 பாஸ்கல் என்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது? மின்கட்டணம் எகிறிவிடுமா?” – வாசகி, இராமநாதபுரம்

வாட் என்பது கருவி சாப்பிடும் மின்சாரம். அது செய்யும் வேலையின் அளவன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் முதல் 900 வாட்டுக்கு மேற்பட்ட வீட்டு வாக்குவம் கிளீனர்கள் சந்தைக்கு வர முடியாது, அதனால் அங்கே வீடுகள் அழுக்காகிவிடவில்லை. பாஸ்கல் என்பது குழாயை முழுமையாக அடைத்த நிலையில் உள்ளே குறையும் அழுத்தம். 20,000 பாஸ்கல் என்றால் முன்பு சொன்ன அந்த ஐந்தில் ஒரு பங்குதான். குழாயை நீரில் நட்டுவைத்தால் 2 மீட்டர் உயரத்துக்கு நீர் ஏறும் அளவு. ஆனால் அடைத்த குழாயில் காற்று ஓடுவதில்லை, காற்று ஓடாத இடத்தில் தூசியும் நகராது. குழாயைக் கழற்றிவிட்டால் காற்று நிறைய ஓடும், ஆனால் அழுத்த வேறுபாடு இருக்காது. இந்த இரண்டு கோடிகளுக்கும் நடுவில்தான் கருவி வேலை செய்கிறது என்பதால், பாஸ்கலோடு நொடிக்கு எத்தனை லிட்டர் காற்று என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். சொல்லத் தெரியாத கடையில், வாயைத் தரையில் வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

கட்டணத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 1,200 வாட் கருவி அரை மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட். வாரம் இரண்டு முறை என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாதக் கணக்கில் பத்து யூனிட்டை ஒட்டி வரும். கவலைப்பட வேண்டியது பிளக்கைப் பற்றி: 6 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் தாங்குவது 1,380 வாட். அதற்கு மேற்பட்ட கருவியை 16 ஆம்பியர் பவர் பிளக்கில்தான் போட வேண்டும். வயரையும் சுருட்டியபடி விட்டு ஓட்டாதீர்கள். சுருளுக்குள் சூடு தங்கும்.

“ஐப்பசி மழையில் தாழ்வாரத்தில் தேங்கிய நீரை இதால் எடுக்கலாமா?” – வாசகர், ஏர்வாடி

‘ஈரம், உலர்வு இரண்டுக்கும்’ என்று எழுதியிருந்தால் எடுக்கலாம். இல்லாவிட்டால் ஒரு கரண்டி நீரும் கூடாது. ஈரத்துக்கு உரிய கருவியில் மோட்டாரைக் குளிரவைக்கும் காற்று தனி வழியில் வரும். தொட்டியில் நீர் உயர்ந்தால் ஒரு மிதவை எழுந்து பாதையை அடைத்துவிடும். சாதாரணக் கருவியில் இந்த இரண்டும் இல்லாததால் நீர் நேராகச் சுருளின் மேல் தெறிக்கும். கருவி போவதோடு நில்லாமல் ஆளுக்கும் மின்சாரம் பாயலாம். ஈரத்துக்கு உரியதிலும் காகிதப் பையையும் உலர் வடிகட்டியையும் கழற்றிவிட்டே நீரை எடுக்க வேண்டும்.

“கரிமூட்டத்திலிருந்து கொண்டுவந்த கரியில் சமைக்கிறோம். அடுப்புச் சாம்பலை இதால் எடுக்கலாமா?” – வாசகி, கடலாடி

கூடாது. மேலே ஆறியதுபோல் தெரியும் சாம்பலுக்குள் கங்கு இருக்கும். பைக்குள் போய்ப் பாயும் காற்றில் அது ஊதிவிட்டதுபோல் கனியும். முறமும் விளக்குமாறும் போதும்.

“தம்பி சவுதியிலிருந்து ஒரு வாக்குவம் கிளீனர் கொண்டுவந்தான். 220 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. இங்கே ஓடுமா? அவன் கொண்டுவந்த தரைவிரிப்புக்கு உருளைப் பிரஷ் பயன்படும் என்கிறான், அது எதற்கு?” – வாசகர், கீழக்கரை

வயர் உள்ள வழக்கமான கருவி என்றால் ஓடும். இதில் உள்ள கார்பன் பிரஷ் மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸும் 60 ஹெர்ட்ஸும் ஒன்றுதான். நேர்மின்சாரம் கொடுத்தாலும் அது சுழலும். வோல்ட்டை மட்டும் பாருங்கள். 110 அல்லது 127 என்று இருந்தால் மாட்டிய நொடியில் கருகிவிடும். 220 என்பதால் பயமில்லை. பிளக்கின் முனைகள் செவ்வகமாக இருந்தால் அடாப்டரை நம்பாமல், எலெக்ட்ரீசியனிடம் கொடுத்து நம் ஊர் பிளக்கை மாட்டிக்கொள்ளுங்கள்.

உருளைப் பிரஷ், தரைவிரிப்பின் மயிருக்கு அடியில் இறங்கிய மணலைத் தட்டி எழுப்புவதற்காக உள்ளது. காற்று மட்டும் அந்த ஆழத்துக்குப் போய் மணலைத் தூக்காது. ஆகவே விரிப்பின் மேல் மெதுவாக, போன தடத்திலேயே இரண்டு முறை தள்ளுங்கள். அதே பிரஷ்ஷைச் சுழலவிட்டபடி டைல்ஸ் தரைக்கு வந்தால், மணலைப் பிடிப்பதற்குப் பதில் அறையெங்கும் தெறிக்கவிடும். சலவைக்கல் தரையாக இருந்தால் கீறலும் விழும், ஏனெனில் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் மணலின் கடினம் 7 என்றால் சலவைக்கல்லின் கடினம் 3-தான். வெறும் தரைக்கு வரும்போது பிரஷ்ஷை நிறுத்தும் பொத்தான் இருந்தால் அழுத்திவிடுங்கள். இல்லையென்றால் விளிம்பில் மென்மயிர் வைத்த தட்டை வாயை மாட்டிக்கொள்ளுங்கள். அது பெட்டியின் அடியில், பெரும்பாலானவர்கள் பிரிக்காமலே தூக்கிப்போடும் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும்.